சின்ன பட்ஜெட்டில் நல்ல டயர்



ஐப்பசி மழைக்குள் காருக்கு டயர் மாற்றிவிட வேண்டும் என்று புரட்டாசியிலேயே நினைத்து, தீபாவளிச் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். சின்ன காருக்கே நான்கு டயர் பதினாறாயிரம், இருபதாயிரம் என்று வந்து நிற்கிறது. "இதைவிடக் கொஞ்சம் குறைச்சலா இல்லையாண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். கேட்பது நியாயம்தான். விலை குறைந்த டயர் வாங்குவதில் தவறே இல்லை. நிறையக் குடும்பங்களுக்கு அதுவே பொருத்தமான டயர் என்பது என் கருத்து. எதில் குறைத்துக்கொள்ளலாம், எதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. கார் டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி சேராமல் நாலாயிரம் ரூபாய் விலையுள்ள டயருக்கு முன்பு 1,120 ரூபாய் வரி, இப்போது 720. நான்கு டயருக்குக் கணக்குப் போட்டால் 1,600 ரூபாய் மிச்சம். இந்த 1,600 ரூபாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

விலையை எப்படி எடைபோடுவது? ஒரு டயர் நாலாயிரம் ரூபாய், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 5,200 ரூபாய், நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். முதல் டயருக்குக் கிலோமீட்டருக்கு 16 பைசா ஆகிறது, இரண்டாவதற்குப் பன்னிரண்டு பைசாகூட ஆகவில்லை. அப்படியானால் விலை கூடியதுதான் லாபம் என்று கடையில் சொல்வார்கள். கணக்கும் சரிதான். ஆனால் உங்கள் கார் வருடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை கோயில், மாதம் ஒரு கல்யாணம், வருடத்தில் இரண்டு மூன்று முறை சொந்த ஊர். இவ்வளவுதான் ஓட்டம் என்றால் வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் வருவதே அபூர்வம். அந்தக் காரில் நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் டயர் தேய்ந்து முடிய ஒன்பது வருடம் ஆகும். அவ்வளவு காலம் ரப்பர் காத்திருக்காது. ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. வெயிலும் காற்றும் பட்டு இறுகிப்போய், சாலையைத் தொடும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவிலும் பக்கச் சுவரிலும் மெல்லிய வெடிப்பு விடத் தொடங்குகிறது. வீட்டு வாசலில் வெயிலிலேயே நிற்கும் கார் என்றால் இன்னும் சீக்கிரம். டயர் கம்பெனிகளே ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடந்தோறும் பரிசோதிக்கச் சொல்கின்றன. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடத்தோடு எடுத்துவிட வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆகவே குறைவாக ஓடும் குடும்பக் காருக்கு, ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும் சிக்கன விலை டயர் போதும். தினமும் தாம்பரத்திலிருந்து ஒரகடம் போய்வருகிறவர், வருடத்துக்கு இருபதாயிரம் ஓட்டுகிறவர், அவர் மட்டும் அதிகம் உழைக்கும் டயருக்குப் பணம் போடட்டும்.

விலை குறைவு என்றால் தரம் மோசமாக இருக்குமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. இந்தியாவில் கார் டயர் விற்க ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2022 அக்டோபர் முதல் புதிதாக வடிவமைக்கும் டயர்களுக்கு ஈரச் சாலையில் பிடிப்பு, எரிபொருளைத் தின்னும் உருளல் எதிர்ப்பு, ஓசை ஆகிய மூன்றிலும் தர வரம்பு வந்துவிட்டது. 2020 ஜூனில் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது, அனுமதி பெற்றுத்தான் வெளிநாட்டு டயரைக் கொண்டுவர முடியும். எனவே இன்று கடையில் சிக்கன விலைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இங்கேயே செய்ததுதான். தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் பிறகு டயருக்கு வந்தது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே என்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. பெயருள்ள எந்தக் கம்பெனியின் ஆரம்ப விலை டயரும், உங்கள் காருக்கு உரிய அளவில், புதிதாக இருந்தால் தைரியமாகப் போடலாம்.

'புதிதாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டாம்.

பைபாஸ் ஓரக் கடைகளில் பழைய டயர்களைக் கழுவி, கருப்புப் பாலிஷ் போட்டு அடுக்கியிருப்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் பார்ப்பதோடு விடாமல், உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரின் உள்ளே வட்டமாக ஒரு சுரசுரப்பு தெரிந்து, விரலில் கருப்புத் தூளும் ஒட்டினால், அந்த டயர் காற்றில்லாமல் ஓடி உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது என்று பொருள். வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது வெடிப்பது இந்த மாதிரி டயர்தான். இன்னொரு வேலையும் நடக்கிறது. மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி, பட்டன் இருப்பதுபோல் காட்டுவார்கள். சில லாரி டயர்களில் மறுபடி பள்ளம் வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் விட்டிருப்பார்கள், அதைப் பக்கச் சுவரில் எழுதியும் இருப்பார்கள். கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது. வெட்டுகிற கத்தி, உள்ளே இருக்கும் கம்பி வலையை நெருங்கிவிடும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று இதை வாங்கி, பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள்.

இனி புதிய டயரை எப்படிப் பார்த்து வாங்குவது? தேவையான விவரம் எல்லாம் டயரின் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் சில மாடல்களில் 165/80 ஆர்14 என்ற அளவு வரும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதை அடுத்து 85டி என்பதுபோல் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். நம் விரைவுச் சாலைகளில்கூட 120ஐத் தாண்ட அனுமதியில்லை. உங்கள் காருக்குக் கம்பெனி டி போதும் என்று சொல்லியிருக்கும்போது, அதற்கும் மேலான எச், வி எழுத்துகளுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அதேசமயம் கம்பெனி சொன்ன எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்கவும் கூடாது. ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறும் காரில் பாரம் தாங்கும் எண் மிக முக்கியம். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும். "ஒரு சைஸ் அகலமா போட்டா கம்பீரமா இருக்கும் சார்" என்பார்கள். விலையும் கூடும், மைலேஜும் குறையும். வேண்டாம்.

அடுத்தது தயாரிப்பு வாரம். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்று இருந்தால் 2025ஆம் வருடத்தின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு பக்கம் காணவில்லை என்றால் டயரைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். தள்ளுபடி என்று விற்கும் டயர் இரண்டு வருடமாகக் குடோனில் கிடந்ததாக இருக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவருக்குத்தான் பழசு போகும். வாரண்டி தயாரிப்பு நாளிலிருந்தா, பில் போட்ட நாளிலிருந்தா என்பதையும் அப்போதே கேட்டு, பில்லில் டயர் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

நான்கும் ஒரேயடியாக மாற்றப் பணம் இல்லை, இப்போதைக்கு இரண்டு மட்டும் என்பதும் நம் வீடுகளில் சகஜம். அப்போது கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுடலாம் சார். இன்ஜின் முன் சக்கரத்தைத்தானே இழுக்குது."

"இல்லண்ணே, பின்னாடி போடுங்க."

நீங்கள் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது பதில். மழைத் தண்ணீரில் முன் சக்கரம் பிடி விட்டால் கார் நேராகவே போகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின் சக்கரம் பிடி விட்டால் காரின் பின்பக்கம் சுழன்று வரும். அதைச் சமாளிப்பது பழகிய டிரைவருக்கே கடினம். அதனால்தான் முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருப்பதும் அவசியம்.

இப்போது அந்த 1,600 ரூபாய்க்கு வருகிறேன். விலை குறைந்த டயரைச் சரியாகப் பூட்டினால் அது முழு ஆயுளும் உழைக்கும். விலை உயர்ந்த டயரைக் கோணலாகப் பூட்டினால் உள் விளிம்பு மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்து சீக்கிரமே குப்பைக்குப் போகும். ஆகவே அந்தப் பணத்தில், டயர் மாற்றும் அன்றே வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்துவிடுங்கள். பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். டயரைவிட அற்ப விலைதான், ஆனால் அது காய்ந்து வெடித்தால் காற்று முழுக்க இறங்கிவிடும். புதிய டயர்கள் பலவற்றின் பக்கச் சுவரில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வுக்கு நேரே அந்தப் புள்ளி வருமாறு பூட்டினால் பேலன்சிங்குக்கு ஈயக் கட்டி குறைவாகப் போதும். நல்ல வேலைக்காரர் சொல்லாமலே இதைச் செய்வார்.

அதன்பிறகு காற்று. மாதம் இரண்டு முறை, வண்டி சூடேறும் முன், ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்தால் போதும். ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் பல கார்களில் அதே ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றுக்குக் காசு வாங்கக் கூடாது, அது நமக்கு உரிய இலவசச் சேவை. நைட்ரஜனுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டிய தேவை குடும்பக் காருக்கு இல்லை. காற்று குறைந்த டயர் சித்திரை வெயிலில், கொதிக்கும் சிமென்ட் சாலையில் ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. வெடிப்பில் முடிவது பெரும்பாலும் இப்படித்தான்.

எப்போது மாற்றுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில், குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, சட்டப்படியும் ஓட்டக் கூடாது. புதிய டயரில் பள்ளம் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் இருக்கும். மழைக்காலத்தில் 1.6 வரும்வரை காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. தேங்கிய தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது, பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்பதில்லை. பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

நேயர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டார்ச் லைட்டோடு காரைச் சுற்றி வந்து, நான்கு டயரிலும் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் அந்தக் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்து, ஒரு காகிதத்தில் எழுதி ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள், கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்க்காத டயர் அதுதான். ஐந்து வருடம் தாண்டியது ஏதாவது இருந்தால், அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன் நம்பிக்கையான ஒரு டயர் கடையில் காட்டிவிடுங்கள்.