ஆவாரையும் கருவண்டும்



எங்கள் சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். விடியற்பொழுதில் வந்து குவியும் மல்லிகையையும் பிச்சியையும் எடை போட்டு விலை பேசுவார்கள். மாலை கட்டுவோர் நாடாத பூ ஒன்றும் இங்கே உண்டு. வரப்பிலும் மேட்டு நிலத்திலும் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையைத்தான் சொல்கிறேன். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் அதுவும் ஒன்று.

ஆவாரைக்கும் நம் வீட்டுக் கத்தரிச் செடிக்கும் ஓர் உறவு உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் மிகச் சிறிய துளைகளே உள்ளன. பூ அதிர்ந்தால்தான் பொடி நன்றாக உதிரும். ஆவாரம் பூவும் அத்தகையதே. காற்றும் ஓரளவு அசைக்கும். ஆயினும் இக்கலையில் தேர்ந்தது கருவண்டு. அது பூவைப் பற்றிக்கொண்டு, மார்புத் தசையை நடுக்கி, ரீங்காரத்தோடு பொடியை உதிர்க்கும். தேனீக்கு இந்த வித்தை கைவராது. கத்தரி பூக்காத மாதங்களிலும் கருவண்டுக்கு மகரந்தம் அளிப்பது ஆவாரை.

நாமோ ஆவாரையைப் புதரென்று வெட்டுகிறோம். பிறகு கத்தரியில் பிஞ்சு நிற்கவில்லையென்று மருந்து தெளிக்கிறோம். எஞ்சிய வண்டும் மடிகிறது.

வளர்ப்பது எளிது. பழுத்துக் காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுங்கள். விதைத்தோல் கடினமானது, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில், அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாய் இறங்குமாதலால், செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. செடிக்குச் செடி நான்கடி இடைவெளி போதும். முதற் கோடையில் மட்டும் சிறிது தண்ணீர் விடுங்கள். வேரூன்றிய பின் வறட்சியைத் தானே தாங்கும்.

இலையில் பச்சைப்புழு கண்டால் பதற வேண்டாம். இளம்பச்சை கலந்த வெண்ணிற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சாக அது இருக்கக்கூடும். சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

ஆவாரம் பூவில் தேன் கிடையாது. ஆகவே வேலியோரத்து எருக்கையும் விட்டுவையுங்கள். அதன் தேனைக் கருவண்டு விரும்பி உண்ணும். எருக்கம்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருப்பது. என் கொல்லையில் பட்டுப்போன மரக்கிளை ஒன்றை அதற்கென்றே வெட்டாமல் வைத்திருக்கிறேன். இந்தப் புரட்டாசியில் நீங்களும் நாலு விதை ஊன்றிப் பாருங்கள்.