கலையாத சபை



திருப்பதியில் சித்தூர் பஸ் ஏறுகிறீர்கள். சந்திரகிரியில் நாலு பேர் இறங்குவார்கள், நாலு பேர் ஏறுவார்கள். பஸ் காலியாவதில்லை. மாநிலங்களவையும் அப்படித்தான். உறுப்பினருக்கு 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள். மக்களவை கலையும். இது கலையாது.

இவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? நாம் இல்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள். ஆந்திராவுக்கு 11 இடம். போட்டி வந்தால், சித்தூர் எம்.எல்.ஏ.வும் திருப்பதி எம்.எல்.ஏ.வும் சீட்டில் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்கள். நம் ஓட்டு ரகசியம். அவர்கள் ஓட்டு அப்படியில்லை. கட்சி எம்.எல்.ஏ. என்றால், சீட்டைத் தன் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடவேண்டும். கட்சி மாறி ஓட்டுப் போடுவதைத் தடுக்க 2003-இல் வந்த ஏற்பாடு. ரகசியம் போனது. பேரம் போனதா என்பது வேறு கதை.

தேர்தலே இல்லாமல் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவையில் பேர் எடுத்தவர்கள்.

சபைக்குத் தலைவர், குடியரசுத் துணைத்தலைவர். 1952-இல் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, திருப்பதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1952-இல் திருத்தணியும் சித்தூர் மாவட்டம்தான்.