பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் படியேறிப் பாருங்கள்

(பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி, வேலை நீக்கம் இவற்றைப் பற்றிப் பேசும் சங்கத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு நிலமில்லை, கடையில்லை. பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய ஒரே சொத்து கல்விதான். அந்தச் சொத்தை எந்த இடத்தில் போட்டு வைப்பது என்பது தொழிலாளியின் பிரச்சினை. ஆகவே சங்கத்தின் பிரச்சினை.

இந்த நாட்டில் அரசாங்கத்தின் தொடக்கப்பள்ளிகள் மூன்று வகை. மலாய்மொழியில் நடக்கும் தேசியப்பள்ளி ஒன்று. சீனப்பள்ளி ஒன்று. தமிழ்ப்பள்ளி ஒன்று. மூன்றும் தேசியக் கல்வி முறைக்குள் அடங்கியவை. மூன்றிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. எதில் சேர்ப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம். பள்ளிக்கே அனுப்பாமல் இருப்பதற்கு மட்டும் உரிமை இல்லை. 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக்கல்வி கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் சிறையும் சட்டத்தில் உண்டு.

ஆக, நம் முன்னால் இருப்பது ஒரு தேர்வு. வெட்கத்தினால் தமிழ்ப்பள்ளியை ஒதுக்காதீர்கள். வெறும் பெருமைக்காகச் சேர்த்துவிட்டு மறந்தும் போகாதீர்கள். நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு அந்தப் பள்ளியோடு நில்லுங்கள். இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தோழர்களே, இந்தத் தேர்வுரிமை சும்மா வந்ததல்ல. பினாங்கில் 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியபோது அதனுடன் ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் வயதை அதிலிருந்துதான் கணக்கிடுகிறோம். ஆகவேதான் 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். பிறகு ரப்பர் வந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது. நல்ல பள்ளி வைக்கச் சொல்லவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, கோயில் பூசாரியோ வாத்தியாராக உட்கார்ந்தார். காலையில் மரம் வெட்டவும் பால் சேர்க்கவும் தாய் தகப்பனுக்கு உதவிய பிள்ளை, வெயிலேறிய பிறகு வந்து எழுத்துக் கற்றது. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் தமிழில் உயர்நிலைப்பள்ளி கிடையாது.

இங்கே கிராணிமார்களும் இருக்கிறீர்கள்; ஆகவே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். அந்தக் காலத்தில் வசதியுள்ள கிராணி தம் பிள்ளையைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். வெட்டுக்காரரின் பிள்ளை தோட்டத்துப் பள்ளியிலேயே நின்றது. ஒரே தோட்டத்தில் இரண்டு பள்ளி, இரண்டு எதிர்காலம். இதற்காகக் கிராணியை மட்டும் பழிப்பதில் பயனில்லை. எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் தேடுவான். ஆனால் விளைவைப் பாருங்கள். மனு எழுதத் தெரிந்தவர், துரையிடம் பேசத் தெரிந்தவர், கணக்குக் கேட்கத் தெரிந்தவர் ஆகியோரின் பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. கூரை ஒழுகினால் யார் எழுதுவது? ஆசிரியர் வராவிட்டால் யார் கேட்பது? எழுதத் தெரிந்தவர் விலகிய பள்ளி ஊமையாகிவிடும்.

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப்பள்ளிகளை அது பரிந்துரைத்தது. இந்தியர்களும் சீனர்களும் எதிர்த்தார்கள். 1956-இல் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளுக்குத் தேசியக் கல்வியமைப்பில் இடம் கொடுத்தது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச்சட்டத்தில், தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப்பள்ளியாக மாற்றும் அதிகாரம் அமைச்சருக்கு இருந்தது. அது கத்திபோல் தலைக்குமேல் தொங்கியது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அண்மைக் காலத்தில் சிலர் தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2021-இலும் 2022-இலும் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி மறுத்துவிட்டது.

நீதிமன்றம் பள்ளியின் கதவைத் திறந்து வைக்கும். பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைக்காது. 1957-இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 528 அளவில் இருக்கின்றன. பினாங்கு மாநிலத்தில் 28. அவற்றில் ஒன்று இதோ மாக் மண்டினில் இருக்கிறது. குறைந்ததற்குக் காரணம் பல. சின்னஞ்சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. நம் மக்கள் பட்டணத்துக்கும், இதுபோன்ற தொழிற்பேட்டைகளின் ஓரத்துக்கும் குடிவந்தார்கள். பள்ளி பின்னாலேயே நின்றுவிட்டது. 150 பிள்ளைகளுக்கு மேற்படாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் கணக்கிடுகிறது. நம் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. எந்த அதிகாரியும் வந்து பூட்டுப் போட்டதால் அல்ல. சேரப் பிள்ளைகள் இல்லாமற் போனதால். அங்கே தமிழ் இன்றும் ஒரு பாடமாக வாழ்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் மற்றப் பாடங்களைப் படிக்கும் பள்ளி இல்லை. ஒருமுறை போனால் அது திரும்புவதில்லை.

இனி, பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

முதற் கேள்வி: "தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய் வராதே?" தமிழ்ப்பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள். பிள்ளை மூன்று மொழி படிக்கிறது. ஆனால் பாடம் இருக்கிறது என்பதாலேயே மொழி வந்துவிடாது. இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான். மலாயில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளை, ரிமூவ் வகுப்பு என்று நாம் சொல்லும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார நேர்ந்தது நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். ஆகவே இந்தப் பயம் பொய்யல்ல. அதற்கு மருந்து பள்ளியை மாற்றுவது ஒன்றுதான் என்பதில்லை. மலாய்ப் பாடம் எப்படி நடக்கிறது என்று முதலாண்டிலேயே கேட்பதும், வீட்டில் நாளும் அரைமணி நேரம் மலாய் வாசிக்கச் செய்வதும் மருந்துதான்.

இரண்டாவது கேள்வி: "தேசியப்பள்ளியிலும் தமிழ் படிக்கலாமே?" படிக்கலாம். பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் சில பாடவேளை கிடைக்கும். தேசியப்பள்ளியில் சேர்த்தவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. அவர்களும் நம் தோழர்களே. அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பதினைந்து கையெழுத்தைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்காமல் கிடைக்காது.

மூன்றாவது கேள்வி: "மற்ற இனத்துப் பிள்ளைகளோடு பழக வேண்டாமா?" பழகத்தான் வேண்டும். நம்முடைய தொழிற்சங்கமே எல்லா இனத்துத் தொழிலாளரும் சேர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், மாலையில் திடலிலும், அண்டை வீட்டிலும், பொது நூலகத்திலும் பிள்ளை மலாய்க்காரர், சீனர் வீட்டுப் பிள்ளைகளோடு கலந்து விளையாட வழிசெய்ய வேண்டும். இது பெற்றோர் தலையில் விழும் கூடுதல் வேலை. அதை மறைக்காமல் சொல்கிறோம்.

நான்காவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "தமிழ்ப்பள்ளி என்றால் கூலிக்காரர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி" என்ற எண்ணம் அது. தோழர்களே, இந்த எண்ணத்துக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்றே. ஆம், கூலிக்காரர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' மூலம் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தோட்டத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956-இல் அங்கே இந்திய இயல் துறை வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவன் கொடுத்த காசும் பல்கலைக்கழகத்துப் புத்தகமாயிற்று.

தமிழ்ப்பள்ளிக்குள்ளும் இப்போது இன்னொரு தேர்வு வந்திருக்கிறது. 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் என்று ஒன்று சில பள்ளிகளில் நடக்கிறது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்துவது அது. சில தமிழ்ப்பள்ளிகள் அதை ஏற்றபோது நம் சமூகத்தில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் எந்த மொழியில் சட்டென்று புரியும் என்பதே கேள்வி. வீட்டில் ஆங்கிலம் பேசாத தொழிலாளியின் பிள்ளைக்கு, கணக்கும் புதிது, மொழியும் புதிது என்றால் சுமை இரட்டிப்பு. அறிவைத் தாய்மொழியிலும், ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் நன்றாகவும் கற்பிப்பதே நம் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. இத்திட்டத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆகவே தாளை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் கிராணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சரி, பள்ளியை எப்படிப் பார்ப்பது? பதிவு செய்யுமுன் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் படியேறிப் போங்கள். தலைமையாசிரியரைப் பார்க்க முன்கூட்டி நேரம் கேட்டுப் போங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? மூன்றாம் ஆண்டுப் பிள்ளை மலாய்ப் புத்தகத்தைத் தட்டில்லாமல் வாசிக்கிறதா? பின்தங்கிய பிள்ளைக்குத் தனி உதவி உண்டா? ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆகவே ஆறு வருடமும் பிள்ளையின் முன்னேற்றத்தை வீட்டுக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்று கேளுங்கள். கழிவறையைப் பாருங்கள். நூலகத்துப் புத்தகங்கள் பிள்ளைகளின் கைபட்டு நைந்திருக்கின்றனவா, புத்தம் புதிதாகப் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளி நிலம் அரசாங்கத்தினுடையதா, தோட்டக் கம்பெனியினுடையதா என்றும் கேட்டு வையுங்கள். நிலம் தனியாருடையது என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. கட்டடத்துக்கு அரசாங்கம் முழுப்பொறுப்பு ஏற்பதில்லை. தோட்டம் கைமாறும் நாளில் முதலில் ஆட்டம் காண்பது அந்தப் பள்ளிதான்.

இந்த இடத்தில்தான் கிராணியும் வெட்டுக்காரரும் ஒன்றுசேர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். மலாயில் கடிதம் எழுத ஆள் வேண்டும். நிலப்பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். கிராணிமார்களே, இது உங்கள் பேனாவுக்குள்ள வேலை. ஆனால் பேனா மட்டும் போதாது. கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகாரி ஒருவிதமாகக் கேட்பார். நூறு பேர் இருந்தால் வேறுவிதமாகக் கேட்பார். அந்த நூறு பேர் நீங்கள்தான், வெட்டுக்காரத் தோழர்களே. விடியுமுன் மரத்துக்குப் போகிறவர் வேலைநாள் காலையில் பள்ளிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். ஆகவே கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ வைக்கும்படி பள்ளியைக் கேளுங்கள். பள்ளிக்கு வரும் தொழிலாளிக்கு நிர்வாகம் நேரம் கொடுக்கும்படி சங்கக் கிளைகளும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளையைச் சேர்ப்பது ஒருநாள் வேலை. சேர்த்த பள்ளியை நல்ல பள்ளியாக வைத்திருப்பது ஆறு வருட வேலை. அதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டவர்கள், கடைசியில் பள்ளியைக் குறைசொல்லி அடுத்த பிள்ளையை வேறிடம் கொண்டுபோகிறார்கள். எஞ்சி நிற்பது யாருடைய பிள்ளை? பஸ்ஸுக்குக் காசில்லாத தொழிலாளியின் பிள்ளை.

தோழர்களே, சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் சம்பளம் உயராது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் நாம். பள்ளிக்கூடமும் அப்படித்தான். பதிவு தொடங்குமுன் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போங்கள். பார்த்ததைக் கிளைக் கூட்டத்தில் சொல்லுங்கள். குறையிருந்தால் எழுதிக் கேட்போம். நிறையிருந்தால் நாலு பேரிடம் சொல்வோம்.