வேலியோரம் ஒரு காட்டுப் புகையிலை

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆசிரியர் ஆற்றிய உரை)



இந்த முறை லயத்துக் கறித்தோட்டங்களில் பூசணி நிறையப் பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. பசளை போதவில்லை என்று பேசிக்கொண்டோம். பசளை மட்டும் போதாது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீ சுமந்து போனால்தான் காய் பிடிக்கும். கொழுந்து பறிக்கிற தேயிலை அதிகம் பூப்பதில்லை. வேறு பூவும் இல்லையென்றால் தேனீ எதற்கு நம்மிடம் வரும்?

அதற்கு நம் மலைநாட்டுச் செடி ஒன்று இருக்கிறது: காட்டுப் புகையிலை. லோபீலியா இனம். இலை புகையிலை மாதிரி. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, நீண்ட கதிரில் வெள்ளையாய்ப் பூக்கும். தேனீயும் தேன்சிட்டும் தேடி வரும். அதன் பூ முதலில் மகரந்தத்தைக் கொடுக்கும்; பிறகுதான் வேறு பூவின் மகரந்தத்தை வாங்கும்.

விதை தூசு போலச் சின்னது. ஈர மண்ணின் மேலே தூவுங்கள், மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். நாற்றைக் கறித்தோட்டத்தின் மேல் வேலியோரம் வையுங்கள். தேசிய பூங்காவில் செடியோ விதையோ எடுக்கக் கூடாது, அது குற்றம்.

ஒன்றை மறைக்கமாட்டேன்: இந்தச் செடி நஞ்சு. பாலும் இலையும் ஆகாது. தொட்டால் கை கழுவுங்கள். காய்ந்த தண்டு குழல் மாதிரி இருக்கும்; பிள்ளைகள் பீப்பி செய்து ஊத விடாதீர்கள். மாடு, ஆடு கட்டும் இடத்திலும் சின்னப் பிள்ளை இருக்கும் வாசலிலும் வேண்டாம். அவர்கள் துளசியும் சூரியகாந்தியும் வைக்கலாம். அதற்கும் தேனீ வரும்.

"குளவிக் கொட்டில் ஆட்கள் சாகிறார்கள், நீ தேனீயைக் கூப்பிடுகிறாயா மாஸ்டர்?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நாம் குளவி என்று சொல்வது பல நேரம் உயர்ந்த மரத்திலும் பாறையிலும் கூடு தொங்கவிடும் பெரிய தேனீ. கூட்டைக் கலைத்தால்தான் கூட்டமாகத் துரத்தும். பூவில் தேன் எடுக்கிற தேனீ, நாம் நசுக்காதவரை கொட்டாது. கூடு இருக்கிற மலைக்கு ஆளை அனுப்பாமல் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. பழியைப் பூச்செடி மேல் போட விடக்கூடாது.

ஆகவே இரண்டு கோரிக்கையைத் தோட்டக் கமிட்டி எழுத்தில் கொடுக்கட்டும். வேலைக்கு அனுப்புமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் களைநாசினி அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பூத்த வேலியில் அடிக்கவே கூடாது.

நாற்று நான் தருகிறேன். கையெழுத்து நீங்கள் தாருங்கள்.