ஆய்வுப் பொருள் ஏரிக்கரையில் இருக்கிறது

(தமிழாசிரியரும் உயர்நிலை, மேனிலைப் பள்ளி மாணாக்கரும் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரை)



பள்ளி மாணாக்கர் தமக்குரிய ஆய்வுப் பொருளை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பது பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். பதினைந்து அகவைப் பிள்ளைகளுக்கு ஆய்வு எதற்கு என்று வினவுவார் உளர். ஆய்வு என்பது பட்டம் பெறுவதற்குரிய படிக்கட்டு மட்டுமன்று. ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று தானே தேர்ந்து தெளியும் பழக்கம் அது. அப்பழக்கம் இளமையில் வேரூன்றாத இனம், பிறர் சொன்னதையே நம்பிப் பிறர் எழுதியதையே படித்து வாழும். தமிழினம் அவ்வாறு வாழ்ந்த காலம் போதும்.

இன்று நம் பள்ளிகளில் நடப்பது என்ன? 'தமிழின் தொன்மை', 'தமிழர் பண்பாடு', 'சுற்றுச்சூழல்' என்று ஆசிரியர் தலைப்புகளை அடுக்குகிறார். மாணவன் ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறான். இணையத்தில் கிடைத்ததைப் பத்துப் பக்கம் படியெடுக்கிறான். அல்லது செய்யறிவுக் கருவியிடம் கேட்டு வாங்குகிறான். வண்ணத்தாளால் அட்டையிட்டுக் கொடுத்து மதிப்பெண் பெறுகிறான். அப்பத்துப் பக்கத்தில் அவன் கண்டறிந்தது ஒரு வரியும் இல்லை. இக்குறை மாணவனுடையது அன்று. பொருளைத் தேர்ந்த முறையினுடையது. கடலளவு பொருளைக் கையில் கொடுத்தால், சிறுவன் பிறர் முகந்து வைத்த நீரைத்தானே கொணர முடியும்?

எனவே, நான்கு அளவுகோல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பொருள் வினாவாக இருத்தல் வேண்டும். 'எங்கள் ஊர் ஏரி' என்பது தலைப்பு, வினாவன்று. 'மதகு, மடை, தூம்பு, கலிங்கு என்னும் சொற்களுள் எவற்றை எங்கள் ஊர் உழவர் இன்றும் ஆள்கின்றனர்? எவற்றை அவர்தம் மக்கள் அறியார்?' என்பது வினா. தலைப்பு மாணவனை இணையத்துக்கு அனுப்பும். வினா அவனை ஏரிக்கரைக்கு அனுப்பும்.

இரண்டாவது, பொருளுக்கு எல்லை வேண்டும். ஓர் ஊர், ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு திங்கள் என வரம்பு கட்டுக. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மொழிஞாயிறு பாவாணரின் 'தமிழ்ச் சொல்வளம்' என்னும் கட்டுரை இடம்பெற்றது. நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, சோளத்தின் அடி தட்டை, கரும்பின் அடி கழி, மூங்கிலின் அடி கழை, வேம்பின் அடி அடியே என்று அவர் வகுத்துக் காட்டியதை நம் பிள்ளைகள் தேர்வுக்காக உருப்போட்டனர். உருப்போட்டதோடு நின்றதுதான் குறை. 'இச்சொற்களுள் எவை எங்கள் ஊரில் வழங்குகின்றன? பாவாணர் பட்டியலில் இல்லாத சொல் ஏதேனும் எங்கள் ஊரில் உண்டா?' என்று ஒரு மாணவி தன் பாட்டியிடமும் பக்கத்து வயலாரிடமும் கேட்டு எழுதினால், அஃது ஆய்வு. பாடமே ஆய்வுக்கு வாயிலாகிவிடுகிறது.

மூன்றாவது, சான்று கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். சிந்துவெளி எழுத்தைப் படித்தறிய விரும்பும் மாணவனின் ஆர்வத்தைப் போற்றுகிறேன். ஆயினும், அறிஞர் பலர் முயன்றும் ஒருமுடிவு காணாத அதனை இரண்டு திங்களில் முடிக்க இயலாது. அவன் ஊர்க் கோயிலின் கல்வெட்டு அவனுக்காகக் காத்திருக்கிறது. இராமநாதபுர மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணாக்கர், தம் சுற்றுப்புறத்துப் பானையோடுகளையும் பழங்காசுகளையும் கல்வெட்டுகளையும் தேடியறியப் பழகியவர்கள். சிறுபொருள் என்று எள்ளற்க. கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் 'ஆதன்' என்னும் பெயர் கீறப்பட்டிருந்தது. கையகல ஓடு ஒன்று, நம் முன்னோர் எழுத்தறிவுக்குச் சான்று கூறவில்லையா?

நான்காவது அளவுகோலே தலையாயது. தமிழ்ப்பற்றுடைய நாம் மிகுதியும் கருத வேண்டுவதும் அதுவே. ஆய்வுக்கு முன்னரே விடை முடிவாகியிருத்தல் கூடாது. முடிவை முதலில் எழுதிவைத்துக்கொண்டு சான்று தேடுவது வழக்காடுவார் தொழில், ஆய்வாளர் தொழிலன்று. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதன்மை பெறவேண்டும் என்பது விதி. ஒரு கடைத்தெருவில் நூறு பலகைகளை எண்ணுமாறு மாணவனிடம் சொல்வோம். தமிழ்ச் சொல் தமிழ் எழுத்தில் எத்தனை? ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் எத்தனை? ஆங்கில எழுத்தே உடையவை எத்தனை? எவ்வகைக் கடையில் எது மிகுதி? அவன் கொணரும் தொகை நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக இருப்பினும், அதனை அவ்வாறே எழுதவிடுக. தமிழுக்கு நன்மை செய்வதாக எண்ணி ஓர் எண்ணைத் திருத்தினாலும், அப்பிள்ளைக்குப் பொய் கற்பித்தவர் ஆவோம். நாளை நம் மெய்யையும் பிறர் நம்பார்.

சொல்லாய்வில் இவ்விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். இரு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. பொருள் ஒக்கிறதா, பழைய வழக்கு என்ன, இனமொழிகளில் அச்சொல் எவ்வாறு வழங்குகிறது என்று பார்த்த பின்னரே வாய் திறத்தல் வேண்டும். சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974-ஆம் ஆண்டு தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் பாவாணர். அவர் 1981-ஆம் ஆண்டு மறைந்தார். முதல் மடலம் 1985-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. வாழ்நாள் முழுதும் சொல்லுக்கே உழைத்தவர்க்கும் அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதை இளைஞர் உணரவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள். மாணவனிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: 'உன் வீட்டில், தெருவில், ஊரில் உனக்கு விளங்காதது எது? அதனை யாரிடம் கேட்டறியலாம்? எத்தனை நாளில் முடிப்பாய்?' விடை கூற ஒரு கிழமை விடுங்கள். அவன் ஆய்வில் இறங்கியபின் ஒரு குறிப்பேடு வைத்திருக்கச் செய்யுங்கள். சொல்லைக் கூறியவர் யார், அகவை என்ன, எவ்வூர், எந்நாள் என்பவற்றை அவர் இசைவு பெற்றுக் குறிக்கட்டும். கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதட்டும். கொச்சை என்று திருத்துவதும், வேற்றுச்சொல் என்று விலக்குவதும் குறிப்பேட்டில் கூடா. தூய்மை நம் எழுத்துக்கு. உண்மை நம் ஆய்வுக்கு.

தமிழாய்வு என்றால் சொல்லாய்வு மட்டுமே என்றும் எண்ணற்க. ஓட்டு வீட்டிலும் கற்காரைத் தளமிட்ட வீட்டிலும் நண்பகல் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறது? மழைக்கு முன்னும் பின்னும் ஊர்க்கிணற்றின் நீர்மட்டம் கிழமைதோறும் எவ்வளவு மாறுகிறது? வெப்பமானி ஒன்றும், முடிச்சிட்ட கயிறும் ஒரு கல்லும் போதும். அளந்ததைத் தமிழில் எழுதுக; பட்டியலும் வரைபடமும் தமிழிலேயே அமைக. தமிழில் அறிவியல் இயலுமா என்று கேட்பார்க்கு, பதினைந்து அகவைப் பெண்ணின் கிணற்றுக் கணக்கைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

இறுதியாக ஒன்று. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது ஊர்தோறும் ஏற்றமும் கவலையும் நீரிறைத்தன. பின்னர் மின்பொறி வந்தது. துலாவும் சாலும் வடமும் மூலையில் சாய்ந்தன. அவற்றை இயக்கிய கைகள் இன்று முதுமையால் நடுங்குகின்றன. அவ்வுறுப்புகளின் பெயர்களுள் அகரமுதலியில் ஏறாதவை எத்தனை என்று யார் எண்ணினார்? அச்சொற்களைத் திரட்டப் பெரும்புலமை வேண்டியதில்லை. முதியவர் அருகே அமரும் பொறுமை வேண்டும். அது மாணாக்கராகிய உங்களுக்கு இயலும். இவ்விடுமுறையிலேயே, உங்கள் ஊரில் ஏற்றம் இறைத்தவர் ஒருவரைக் கண்டறிந்து, குறிப்பேட்டின் முதற்பக்கத்தைத் தொடங்குங்கள். அடுத்த விடுமுறையில் அவர் இருப்பார் என்று நாம் உறுதி கூற இயலாது.

வெல்க தமிழ்!