வாயிலும் மக்களும்



கோணேசப் பெருமானைத் தரிசிக்க நாமெல்லாம் பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்கின்றோம். திருவிழா நாளில் அங்கு நெருக்கடி நேர்ந்தால் மக்கள் எவ்வாறு நடப்பார்கள்? கணினித் திரையிலே மனித உருவங்களை நடமாடவிட்டு இதனை முன்னரே காண முயல்கின்றனர். 2000ஆம் ஆண்டில் ஹெல்பிங் முதலிய அறிஞர் மூவர் அவ்வாறு கணித்து, எல்லோரும் முண்டியடித்தால் வாயில் அடைபட்டு வெளியேற்றம் தாமதமாகும் எனக் காட்டினர்.

ஆயினும் அவர்கள் கணித்த மனிதர் வெறும் வட்டங்களே. நம்மவரோ வந்த வழியையே தேடுவர். பிள்ளையைக் காணாத தாய் கூட்டத்தை எதிர்த்துத் திரும்புவாள். அம்மம்மாவை விட்டுப் பேரன் ஓடான். (செருப்பைத் தேடி நிற்போரும் உளர்!) உறவும் பழக்கமும் சேராத உருவங்களை நம்பித் தொண்டர்களை நிறுத்துதல் தகாது.

ஆகவே வருகிற திருவிழாவில் இளைஞர் சிலர் வாயிலருகே நின்று, யார் யாரோடு வருகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துவர வேண்டுகிறோம்.