வளர்ப்புத் தந்தையின் வழியில்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா நாளில் நன்றி கூறுவது முறை. நானும் கூறுகிறேன். ஆனால் நன்றியோடு ஒரு பாவசங்கீர்த்தனமும் செய்ய வேண்டியிருக்கிறது.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொரோனாவின் இரண்டாம் அலை. தறிச் சத்தம் ஓயாத அம்மாபேட்டைத் தெருக்கள் ஊமையாகிக் கிடந்தன. அந்நாட்களில் ஒரு வீட்டில் தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் பாட்டி ஏற்றுக்கொண்டார். முதல் மாதம் அரிசியும் மளிகையும் வரிசையாய்ச் சென்றன. ஆறாம் மாதம் எவரும் செல்லவில்லை. நானும் செல்லவில்லை. மறு ஆண்டு கோயில் வாசலில் அந்தப் பாட்டி என்னிடம் கேட்டது அரிசியல்ல. "சாமி, பெரியவனுக்குக் கணக்கு வரமாட்டேங்குது. சாயந்தரம் யாராச்சும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுப்பாங்களா?" அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. அதே மே மாத இறுதியில், கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி, 18 வயது நிறையும்போது வட்டியோடு கையில் சேரும் என்று தமிழக அரசு அறிவித்தது. உறவினர் வீட்டில் வளருவோருக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும் கூறியது. நல்ல காரியம். ஆனால் வைப்பு நிதி காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்காதே!

பெற்றோர் கையை விட்டுப் பிரிந்த பிள்ளைகளின் துயரம் நம் சேலத்துக்குப் புதிதல்ல. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கொரோனா நாட்களில், "அநாதைக் குழந்தைகள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கைப்பேசிச் செய்திகள் பரவின. இரக்கத்தால் பலர் அவற்றைப் பிறருக்கு அனுப்பினார்கள். அப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம், பிள்ளைக்கும் ஆபத்து. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098-க்குச் சொல்லுங்கள். அதன் எதிர்காலத்தை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவே முடிவு செய்யவேண்டும். தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்தெடுத்த பிள்ளை என்றென்றும் நம் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பிலோ நம் வீட்டில் வைத்து அன்பு செய்து, சொந்தக் குடும்பம் நிமிர்ந்தால் திருப்பிக் கொடுக்கவும் மனம் வேண்டும்.

இந்தக் கடினமான அன்புக்குப் பாதுகாவலர் யார்? இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பர். கொள்ளைநோயின் நடுவில், 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்கென்று ஒதுக்கினார். நற்செய்தி ஏடுகளில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. இரவில் எழுந்தார், பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார், உழைத்துக் காப்பாற்றினார். அவ்வளவுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். படித்த இளைஞர்களே, வாரத்தில் இரண்டு மாலை இப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள். அலுவலக அனுபவம் உள்ளவர்களே, வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அந்தத் தாத்தா பாட்டிகளோடு துணைக்குச் செல்லுங்கள். 18 வயதில் பெருந்தொகை கைக்கு வரும்போது, பிள்ளைக்கு நல்லது சொல்ல ஒரு பெரியவர் அருகில் இருக்கட்டும். தாய்மார்களே, மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறிடுங்கள். வளர்ப்பவருக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்கவேண்டாம். கொடுக்கும்போது படம் எடுக்கவேண்டாம்.

பாவில் இழை அறுந்தால் நெசவாளி தறியை விட்டு எழுந்து போவதில்லை. இழையைப் பிணைத்துவிட்டுத்தான் நாடாவை ஓட்டுகிறார். இது உங்களுக்கு நான் கற்றுத்தரவேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கு இப்பொழுது நம் பங்கு இளைஞர் ஒருவர் கணக்குச் சொல்லித் தருகிறார். தாமதமாகத்தான் தொடங்கினோம். இனி நிறுத்தாமலிருக்க இறைவன் அருள்வாராக!